இடைவேளைக் காபி

உடை மாற்றும் அறையின் கதவு பெயர்ந்துவிடும்போல யாரோ தட்டினார்கள். எமில் வாவ்ரினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவர் டோப்ரி கிரீக் பள்ளியின் கோச். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு இடைவேளையிலும் யாராவது ஒருவர் வந்து இப்படித் தட்டுவது வழக்கம்.

வெளியே பலகையில் 0–14. பின்தங்கியிருப்பது, எப்போதும்போல, கோவேறு கழுதைகள். இது வசவு இல்லை, அணியின் பெயரே அதுதான்.

"எமில்! நான்தான் மார்வ்! கதவத் திறக்கிறியா, இல்ல போய் டிராக்டரக் கொண்டாரட்டுமா?"

திறந்தார். மார்வ் டோஸ்டல் பள்ளிக் குழுவின் தலைவர். ஊரின் தானியக் கிடங்கும் அவருடையதுதான். கையில் ஒரு காகிதக் கோப்பையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"இதப் பாரு. காபி. சூடா வாங்கினேன். ஒரு வாய் குடிக்கல. ஏன்?"

"சர்க்கரை போடலயா?"

"கை நடுங்குதுய்யா! பாதி என் சட்டையில, மீதி பாதிரியார் தொப்பியில!"

"ரெண்டாம் பாதியில பிடிச்சிடலாம் மார்வ்."

"நீ பிடிப்பன்னு தெரியும். வருஷாவருஷம் பிடிக்கிற. அதுவரைக்கும் நாங்க உயிரோட இருக்க வேணாமா? ஒரே ஒரு தடவ, இடைவேளைல நிம்மதியா உக்காந்து ஒரு காபி குடிக்கணும். இது அவ்வளவு பெரிய ஆசையா?"

பெரிய ஆசைதான் என்று எமிலுக்குத் தோன்றியது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் இந்த ஆட்டத்தில் பந்தை எதிராளியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. தூரத்தில் ஓடுகிற நம் ஆளுக்கு எறியலாம். அல்லது பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எதிரில் நிற்கும் தடியர்கள் மேலேயே மோதி ஓடலாம். மற்ற ஊர்க் கோச்சுகள் இரண்டையும் கலந்து செய்வார்கள். எமிலுக்கு எறிவது பிடிக்காது. "கையில இருக்கிற பந்து நம்மது. காத்துல இருக்கிற பந்து ஊர்ப் பொது" என்பார். வகுப்பில் அவர் தச்சு வேலை சொல்லிக்கொடுப்பவர். ஒரு ஓட்டத்துக்கு மூன்று கஜம், அடுத்ததற்கு நாலு கஜம் என்று இழைப்புளி போட்டு இழைப்பதுபோல எதிராளியை இழைத்துக்கொண்டே போவார். முதல் பாதியில் ஒரு சுருள்கூட விழாது. ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நாலாம் காலில் மரமே காணாமல் போய்விடும்.

அன்றும் அப்படித்தான். 15–14. கழுதைகள் ஜெயித்தன. ஊர் ஜனம் வியர்த்து வழிய வீட்டுக்குப் போனது. நவம்பர் நெருங்கிய நெப்ராஸ்காவில் வியர்ப்பது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் உணவு விடுதியில் மார்வ் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எமில், பசங்க தூங்கி வழியறாங்க. முதல் விசில் அடிக்கும்போது ஒருத்தன் கண்ணுலயும் உயிர் இல்ல. ஏதாவது செய்."

"என்ன செய்யச் சொல்ற?"

"எழுப்பி விடு! ஓட விடு!"

எமில் பிடிவாதக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பையன்களை மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டார். சாப்பாடு என்றால் அது டெலோரஸின் சாப்பாடு. எமிலின் மனைவி டெலோரஸ், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னால், தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் அணி மொத்தத்துக்கும் பந்தி வைப்பாள். வாட்டிய பன்றி இறைச்சி, புளிக்க வைத்த முட்டைக்கோஸ், குழம்பில் மிதக்கும் மாவு உருண்டைகள், கடைசியில் கசகசா வைத்த கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டி. ஒவ்வொரு உருண்டையும் கைமுஷ்டி அளவு இருக்கும். கொழுக்கட்டைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் பாட்டி பொஹீமியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பக்குவம்.

"நாலாம் கால்ல நம்ம பசங்க சிங்கமா பாயறதுக்குக் காரணமே டெலோரஸ் உருண்டைதான்" என்று எமில் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நாலு சுற்று ஓடியதில் இரண்டு பேர் வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்கள். மற்றவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடைவேளையில் 0–20. கடைசியில் 21–20.

அன்று இரவு டெலோரஸ் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாவம் எமில், பசங்க உடம்புல தெம்பே இல்ல. வாந்தி எடுத்துட்டாங்கன்னா வயிறு காலிதான? அடுத்த வாரம் ஆளுக்கு மூணு போதாது. நாலு."

"நல்லது" என்றார் எமில்.

அடுத்த யோசனை உதவிக் கோச் கஸ்ஸுடையது. கஸ் ஏழு வருடமாக இந்தப் பள்ளியில் எறிதல் பயிற்சியாளர். ஏழு வருடத்தில் அணி எறிந்தது பதினோரு தடவை. அதில் மூன்று தடவை கை வழுக்கியது. மனிதர் நொந்துபோயிருந்தார், ஆனாலும் விசுவாசம் குறையவில்லை.

"கோச், சத்தம் வேணும். ரத்தம் கொதிக்கணும். பேண்டு வாத்தியத்துல இருந்து அந்தப் பெரிய முரசக் கொண்டாந்து, உள்ளயே வச்சு அடிப்போம்."

கொண்டுவந்தார்கள். உடை மாற்றும் அறையில் முரசு அதிர்ந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. எமிலின் பல்லில் கட்டியிருந்த வெள்ளி ஆடியது. கஸ் கை ஓயும்வரை அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, அணியின் பிரதான ஓட்டக்காரன் நார்பர்ட், இருநூற்று முப்பது பவுண்டு உடம்போடு, அந்த முரசின்மேலேயே சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பினார்கள். எழுந்தவன் முரசின் தோலைக் கிழித்துக்கொண்டு எழுந்தான். பேண்டு வாத்திய ஆசிரியை அதன்பிறகு எமிலோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இடைவேளையில் 0–22. கடைசியில் 24–22. டெலோரஸ் ஆளுக்கு ஐந்து என்றாள்.

மூன்றாவது யோசனையை மார்வ் யோசனையாகச் சொல்லவில்லை, உத்தரவாகவே போட்டார். "எறி."

"மார்வ்..."

"என் அக்கா பையன் லிங்கன் நகரத்துல காலேஜ் டீமுக்கு எறிஞ்சவன். அவன் சொல்றான், இந்தக் காலத்துல எறியாம ஆடறது எங்கயும் கிடையாதாம். அவனுக்குக் கோச் வேலையும் வேணுமாம். உனக்குப் புரியுதுல்ல?"

எமிலுக்குப் புரிந்தது.

எறிந்தார்கள். பந்தை முதலில் வாங்கி, யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிற பையன் டோபி ஸ்லாடெக். தங்கமான பையன், ஆனால் எறிந்து பழக்கமில்லாதவன். அதிலும் அன்று ஏதோ மூட்டை சுமப்பவனைப்போல மெதுவாகத்தான் கையைத் தூக்கினான். முதல் எறிதல் நேராகப் பேண்டு வாத்தியக்காரர்கள் பக்கம் போய், பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் விழுந்து மாட்டிக்கொண்டது. நடுவர் கையை விட்டுத் துழாவி எடுக்கவேண்டியதாயிற்று. இரண்டாவது எறிதலை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு ஓடினான். மூன்றாவதையும் அவனே பிடித்தான். போகும்போது டோபிக்கு நன்றி வேறு சொன்னான்.

இடைவேளையில் 0–27. மார்வின் மனைவி பார்வையாளர் காலரியில் மயங்கி விழுந்தாள். இன்னும் இருவருக்கு நெஞ்சுவலி; பிறகு பார்த்தால் வாயு. இரண்டாம் பாதியில் எமில் எறிவதை நிறுத்தி ஓடவிட்டார். 28–27. கடைசி விநாடியில் நார்பர்ட் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டினான்.

மாநிலக் கால் இறுதிக்கு அணி தகுதி பெற்றுவிட்டது. ஊர் கொண்டாடியிருக்க வேண்டும். ஊர் மருத்துவரிடம் வரிசையில் நின்றது.

திங்கட்கிழமை பள்ளிக் குழு கூடியது. மார்வ் எழுந்து நின்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எமிலைப் பயமுறுத்தியது.

"எமில், நாங்க ஓட்டுப் போட்டுட்டோம். சனிக்கிழமை கார்னெட் வேலி ஊர் டீமோட ஆட்டம். இடைவேளைல நாம முன்னால இருக்கணும். இருந்தா நீயே கோச், நீயா போறேன்னு சொல்ற வரைக்கும். இல்லன்னா என் அக்கா பையன்."

"ஆட்டத்துல ஜெயிச்சா?"

"ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. கணக்கு இடைவேளை வரைக்கும்தான். இந்த ஊருக்கு இனிமே நெஞ்சு தாங்காது."

"பத்தொன்பது வருஷம் மார்வ்."

"பத்தொன்பது வருஷமா நான் சூடா ஒரு காபி குடிக்கல எமில்."

எமில் வீட்டுக்கு நடந்தே போனார். அவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. மீன்பிடிக்கப் போகமாட்டார், சீட்டு ஆடமாட்டார். வெள்ளிக்கிழமை வந்தால் அந்தக் கோட்டோரம் நிற்பார், அவ்வளவுதான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று யோசித்துப் பார்த்தார். தச்சுப் பட்டறை மட்டும்தான் தெரிந்தது. அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டார்.

டெலோரஸிடம் சொன்னார். அவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

"ஆளுக்கு ஆறு" என்றாள் கடைசியில்.

மைதான விளக்குக் கம்பம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டதால் சனிக்கிழமை ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. பந்தி பன்னிரண்டரைக்கு. டெலோரஸும் இன்னும் மூன்று பெண்களும் விடியற்காலையிலிருந்து உருண்டை பிடித்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மார்வ் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"யாரும் வெளிய போகக் கூடாது. முதல் பந்தே எறிதல். அது சரியா வர்ற வரைக்கும் பழகுங்க."

"பசங்க சாப்பிடணும் மார்வ்."

"சாப்பாடா? வேலை போகுதுங்கிறேன், இவனுக்குச் சாப்பாடு! இந்தா, ஆப்பிள் கொண்டாந்திருக்கேன். ஆளுக்கு ஒண்ணு."

கஸ்ஸின் முகம் ஏழு வருடத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. டோபி எறிந்தான். நார்பர்ட் பிடிக்கப் பார்த்தான். பந்து ஜன்னலில் பட்டது, கூடைப் பந்து வளையத்தில் பட்டது, ஒருமுறை மார்விலும் பட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. டெலோரஸ், மாவு அப்பிய கையோடு நின்றாள்.

"எமில், அங்க நூத்தி முப்பத்திரெண்டு உருண்டை ஆறிட்டிருக்கு."

"டெலோரஸ், கொஞ்சம் பொறு..."

"குழம்பு உறைஞ்சா மறுபடி சூடாக்க முடியாது. வர்றீங்களா, இல்லையா?"

எமில் மார்வைப் பார்த்தார். மார்வ் தலையை ஆட்டினார். எமில் டெலோரஸைப் பார்த்தார். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அவர் அவள் சமையலுக்கு முன்னால் 'வேண்டாம்' என்று சொன்னதே இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள் வேணாம்மா" என்றார்.

டெலோரஸ் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டு நார்பர்ட்கூட ஓரடி பின்வாங்கினான்.

ஒன்றேகாலுக்கு அணி மைதானத்துக்கு நடந்தது. தேவாலயத்தைத் தாண்டும்போது அதன் வாசலில் கார்னெட் வேலியின் நீலநிறப் பேருந்து காலியாக நிற்பதை எமில் பார்த்தார். கார்னெட் வேலி மாநிலத்தின் மேற்குக் கோடி. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். ஆட்ட நேரத்தை எழுதி அனுப்பிய நம் பள்ளிக் குமாஸ்தா ஒரு மணியைக் குறைத்து எழுதினார். அதை வாங்கிய அவர்கள் குமாஸ்தா தன் பங்குக்கு இன்னொரு மணியைக் குறைத்தார். வருடத்துக்கு ஒரு அணியாவது இப்படி முன்கூட்டியே வந்து குளிரில் நின்று தொலைக்கும்.

"எவ்வளவு நேரமா நிக்கிறாங்களோ" என்றார் கஸ்.

"நிக்கட்டும். கால் மரத்துப் போகட்டும்" என்றார் எமில். மனுஷர் அன்று நல்லவராக இருக்கும் நிலையில் இல்லை.

இரண்டு மணி. காலரி நிரம்பியிருந்தது. மார்வ் முதல் வரிசையில், கையில் இன்னும் நிரப்பாத காபிக் கோப்பையோடு. மூன்று வரிசை மேலே டெலோரஸ். மடியில் கையை வைத்துக்கொண்டு, ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எமிலுக்கு எதிரணியைவிட அந்த முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

கார்னெட் வேலிக்காரர்கள் கிடங்குக் கதவு அளவில் இருந்தார்கள். அந்த வருடம் ஒரு ஆட்டமும் தோற்காதவர்கள். முதல் பந்து டோபியின் கைக்கு வந்தது. உத்தரவுப்படி எறிய வேண்டும். பின்னால் நாலடி வைத்தான். கையைத் தூக்கினான். எங்கே எறிவது என்று பார்த்தான். பன்னிரண்டு மணியிலிருந்து கற்றது அத்தனையும் அந்த நொடியில் மறந்துபோயிற்று. பழக்கதோஷம், பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

"டேய்! எறிடா!" என்று கஸ் அலறினார்.

டோபி ஓடினான். அவனே எதிர்பாராத வேகத்தில் ஓடினான். கால் தரையில் பாவவில்லை. கார்னெட் வேலித் தடியர்கள் அவனைப் பார்த்தார்கள். பிடிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் திரும்புவதற்குள் அவன் போய்விட்டான். ஒருவன் கையை நீட்டினான், ஏதோ உறவினரை வழியனுப்புவதுபோல இருந்தது. அறுபத்தெட்டு கஜம். கோட்டைத் தாண்டி, வேலியில் முட்டித்தான் டோபி நின்றான்.

காலரியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நிமிடத்திலேயே புள்ளி எடுப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஊருக்குத் தெரியாது. அப்புறம் கூச்சல் கிளம்பியது பாருங்கள், சோளக்காட்டிலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிவிட்டன.

மார்வ் கோட்டோரம் ஓடிவந்தார். "எமில்! எறியற மாதிரி பாவ்லா காட்டி ஓட வச்சியே! அட ராட்சசா! எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த இத?"

எமில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இன்னைக்குத்தான் எடுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு எறிதலும் கூப்பிடவில்லை. ஓட்டம். ஓட்டம். மறுபடியும் ஓட்டம். நார்பர்ட் இருநூற்று முப்பது பவுண்டையும் தூக்கிக்கொண்டு கன்றுக்குட்டிபோலத் துள்ளினான். எப்போதும் மூன்று கஜம் இழைக்கிற இடத்தில் பன்னிரண்டு கஜம் பெயர்ந்தது. எதிரணியில் ஒருவன் கீழே விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அடிபட்டுவிட்டதோ என்று நடுவர் ஓடினார். அடி ஒன்றும் இல்லை. "ஒரு நிமிஷம் இப்படியே இருக்கேன் சார்" என்றானாம்.

இடைவேளை விசில் ஊதியபோது பலகையில் 28–0.

எமில் அந்தப் பலகையை மூன்று தடவை படித்தார். எந்தப் பக்கம் நம்முடையது என்று கஸ்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். காலரியைத் திரும்பிப் பார்த்தார். மார்வ் டோஸ்டல் கடையிலிருந்து காபி வாங்கிவந்து, உட்கார்ந்து, காலை நீட்டி, ஆவி பறக்க முதல் வாயைக் குடித்தார். கண்ணை மூடினார். கன்னத்தில் நீர் இறங்கியது. பக்கத்திலிருந்த பாதிரியார் தொப்பியைக் கழற்றாமல் தைரியமாக உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கா மார்வ்?" என்று எமில் கீழேயிருந்து கத்தினார்.

"கேவலமா இருக்குய்யா! பத்தொன்பது வருஷமா இதுக்கா தவிச்சேன்!" என்று மார்வ் திருப்பிக் கத்தினார். பிறகு எழுந்து நின்று காலரி மொத்தத்துக்கும் கேட்கும்படி, "எமில் வாவ்ரினாதான் கோச்! சாகற வரைக்கும் கோச்! இனிமே எவனாவது எறிதல்னு பேசினா என் கிடங்குப் பக்கம் வரக்கூடாது!" என்றார். ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் அவருக்கு ஒரு புதுச் சிக்கல். அவருக்குத் தெரிந்த இடைவேளைப் பேச்சு எல்லாமே தோற்றுக்கொண்டிருக்கிறவர்களுக்கானது. இருபத்திரண்டு முகங்களும் பளிச்சென்று அவரையே பார்த்தன. கதவை யாரும் தட்டவில்லை. அதுவே அவருக்கு என்னவோபோல இருந்தது.

"பசங்களா" என்றார். யோசித்தார். "அப்படியே இருங்க."

"கோச்" என்றான் நார்பர்ட். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

இரண்டாம் பாதியில் ஒரு விசித்திரம் நடந்தது. மூன்றாம் காலின் கடைசியில் கார்னெட் வேலிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். சும்மா இல்லை, சிங்கமாகப் பாய்ந்தார்கள். 28–7. 28–14. நாலாம் காலில் 28–21. நம் பையன்களுக்கு அந்த ஒற்றை ஆப்பிளின் தெம்பு தீர்ந்துபோயிருந்தது. நார்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். இப்படிப் பின்னாலிருந்து துரத்துவது எப்போதும் நாம் செய்கிற வேலை. அது நம்மையே துரத்தும்போது எவ்வளவு கொடூரம் என்று எமிலுக்கு அன்றுதான் தெரிந்தது. பத்தொன்பது வருட எதிர்க் கோச்சுகள் எல்லோரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கடைசி நிமிடம். நம் கோட்டுக்கு இரண்டு கஜத்தில் அவர்கள். ஒரே ஒரு முயற்சி பாக்கி. அவர்களுடைய ஓட்டக்காரன் பந்தோடு எம்பிக் குதித்தான். நார்பர்ட்டும் எதிரே எம்பினான். காற்றிலேயே இருவரும் மோதினார்கள். அந்தச் சத்தம் தேவாலயத்தில் பட்டு எதிரொலித்தது. பந்து கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் விழுந்தது.

விசில். அவ்வளவுதான், ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பையன்கள் எமிலைத் தோளில் தூக்கினார்கள். பசியில் இரண்டு தடவை கீழே போட்டார்கள், மூன்றாவது தடவை சரியாகத் தூக்கினார்கள். பேண்டு வாத்திய ஆசிரியை வந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டார். மாவட்டப் பத்திரிகைக்காரர் குறிப்பேட்டோடு ஓடிவந்தார்.

"கோச், முதல் பாதியில இப்படி ஒரு வேகம்! எப்படி முடிஞ்சது?"

எமில் தோள் உயரத்திலிருந்து பேசினார். "பொறுமை. பத்தொன்பது வருஷமா நான் சொல்லிட்டு வர்றது இதுதான். ஓட்டத்த நம்பு. இழைச்சிக்கிட்டே இரு. பலன் என்னைக்காவது ஒரு நாள் மொத்தமா வரும். அப்புறம்" என்று கூட்டத்தில் தேடி, "என் மனைவியோட உருண்டை. இன்னைக்குச் சாப்பிடல, ஒத்துக்கறேன். ஆனா வருஷம் பூரா சாப்பிட்டது உடம்புல சேர்ந்திருக்கில்ல!" என்றார்.

பத்திரிகைக்காரர் 'சேர்ந்திருக்கில்ல' வரை எழுதிக்கொண்டார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் எமில் டெலோரஸிடம் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டெலோரஸ், கோவமா? விடியற்காலையில இருந்து நின்னு செஞ்ச. அத்தனையும் வீணாப் போச்சே."

"ஒண்ணும் வீணாப் போகல" என்றாள் அவள். "நீ ஜெயிச்சிட்டல்ல? சந்தோஷமா இரு." அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். தேவாலயப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள் என்று எமில் நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன கொடுத்துவைத்தோமோ என்று பூரித்துப்போய் நின்றார்.

அப்போது நீலத் தொப்பி போட்ட ஒரு கிழவர், கார்னெட் வேலிப் பேருந்தின் ஓட்டுநர், இரண்டு பெரிய அலுமினியப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வந்தார். இரண்டும் கழுவித் துடைத்து, பளபளவென்று காலியாக இருந்தன. டெலோரஸ் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக் கையுறை மாட்ட ஆரம்பித்தாள்.

கிழவர் பாத்திரங்களை எமிலின் கையில் கொடுத்துவிட்டு, நிஜமான நன்றியோடு தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

"சீக்கிரம் வந்து குளிர்ல நின்ன எங்களக் கூப்பிட்டு, உங்க வீட்டம்மா ஆளுக்கு ஆறு உருண்டை விடாம பரிமாறினாங்க கோச், நான் ஸ்டியரிங்லயே சாஞ்சு தூங்கிட்டேன், மூணாம் கால் முடியறப்பதான் முழிப்பு வந்தது, எங்க பசங்களுக்கும் அப்பத்தானாம்!"